அம்மா குளிக்க மறுக்கிறார் என்று தாதிமை இல்லத்தில் சொல்கிறார்கள், என்ன செய்வது?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 83 வயது. 1960களில் கல்யாணமாகித் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் இருந்துவிட்டு, அப்புறம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டுக்கு மாறினார். இப்போது நடுத்தர நிலையில் முதுமை மறதி. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். ஏழு மாதமாக ஒரு தாதிமை இல்லத்தில் இருக்கிறார். அங்கே காலை ஐந்து மணி வாக்கில் எழுப்பி, துணிகளைக் கழற்றி, சக்கரம் வைத்த குளியல் நாற்காலியில் உட்காரவைத்து ஷவரில் குளிப்பாட்டுகிறார்கள். சில நாள்களில் அதைச் செய்வது ஆண் பராமரிப்பாளர். அம்மா கத்துகிறார், அடிக்கிறார். போன மாதம் ஓர் ஊழியரின் கையைக் கடித்துவிட்டார். குளியலுக்கு முன் அமைதிப்படுத்தும் மாத்திரை ஒன்று கொடுக்கலாமா என்று தாதி மேலாளர் மகளிடம் கேட்டிருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் குளிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது மகளுக்கு இன்னொரு வேதனை. அண்ணனோ, "இடம் கிடைச்சதே பெரிசு, பேசிக் கெடுத்துடாதே" என்கிறார்.

கேள்விகள் இவை: தினமும் கட்டாயம் குளிப்பாட்டச் சொல்லலாமா? பெண் ஊழியர்தான் வேண்டும் என்று கேட்க முடியுமா? மாத்திரைக்குச் சம்மதிக்கலாமா? புகார் செய்தால் அம்மாவை அனுப்பிவிடுவார்களா? வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நானே செய்யலாமா, இல்லை வீட்டுக்கே கூட்டிவந்துவிடட்டுமா? இவற்றோடு ஒரு வரி: "அம்மாவுக்கு இப்போது ஒன்றும் புரியாது, மகள் நான் கையெழுத்துப் போட்டால் போதும்தானே?"

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா எப்போதும் பாவாடையை மாருக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டுதான் குளிப்பார், வீட்டில் கதவைத் தாழிட்டுக் குளித்தாலும் அப்படித்தான் என்று. மொத்தக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். இதை இல்லத்தில் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? சேர்க்கும்போது நிரப்பிய படிவங்களில் மருந்து, ஒவ்வாமை, சாப்பாடு எல்லாம் கேட்டிருப்பார்கள். எப்படிக் குளித்துப் பழகியவர் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

பொதுக்குழாயடியில் நாலு பேர் நடுவே குளித்தாலும் உடம்பில் துணி விலகாமல் பார்த்துக்கொண்ட தலைமுறை அது. அப்படிப்பட்டவரை விடியாத நேரத்தில் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவருக்குப் புரியாத மொழி பேசும் ஒருவர் துணியைக் கழற்றுகிறார். 'இவர் பராமரிக்க வந்தவர், இது குளியலறை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் திறனை மறதி நோய் எடுத்துக்கொண்டுவிட்டது. மானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒருவர் தன்மேல் கை வைக்கிறார். கையில் கிடைத்ததைக் கொண்டு தடுக்கிறார். இதை 'முரட்டுத்தனம்' என்று அவருடைய பதிவேட்டில் எழுதிவைத்தால் அடுத்து வரும் ஒவ்வொருவரும் அதே கண்ணோடுதான் அவரை அணுகுவார்கள்.

சரி, ஊழியர்கள் மோசமானவர்களா? அப்படி நினைக்க உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. மியன்மார், பிலிப்பீன்ஸ், இந்தியா, இலங்கை என்று எங்கிருந்தோ வந்து, பகல் ஷிஃப்ட் ஆள் வருவதற்குள் ஒருவருக்குப் பின் ஒருவராகக் குளிப்பாட்டி முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஐந்து மணிக் குளியல் பெரும்பாலும் அந்த ஷிஃப்ட் கணக்கால் வருவது. கடிபட்டவருக்கும் வலித்திருக்கும். முதல் பேச்சை "உங்கள் கை இப்போது எப்படி இருக்கிறது" என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

தினமும் குளித்தால்தான் சுத்தமா?

இதில் உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த ஊர் வெயிலில் இரண்டு வேளை குளித்து வளர்ந்த நமக்கு, ஒரு நாள் குளிக்கவில்லை என்றாலே உடம்பு கூசும். ஆனால் 80 வயதைத் தாண்டியவரின் தோல் மெலிந்து, எண்ணெய்ப் பசை குறைந்து போயிருக்கும். தினமும் சோப்புப் போட்டு முழுக்கக் குளிப்பாட்டினால் வறண்டு, அரிப்பெடுத்து, சொறிந்து புண்ணாகும். அந்த அரிப்பே அவரை இரவில் தூங்கவிடாமல் செய்து, காலையில் இன்னும் எரிச்சலோடு எழவைக்கும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முழுக்குளியல் பொதுவாகப் போதும். மற்ற நாள்களில் முகம், அக்குள், மார்பின் அடிமடிப்பு, தொடை இடுக்கு, கால் விரலிடை இவற்றைத் துடைத்து ஈரம் போக ஒற்றிவிட வேண்டும். டயப்பர் நனைந்தால் உடனே மாற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தோல் புண்ணுக்கும் தொற்றுக்கும் வழி அதுதான்.

ஆகவே வாரத்தில் இரண்டு நாள் ஷவர் இல்லை என்பது அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அந்த இரண்டு நாளும் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். துடைத்துவிட்டார்கள் என்றால் சரி. ஒன்றுமே செய்யாமல் விட்டார்கள் என்றால் பேச வேண்டும்.

துடைத்துவிடுவதை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 15 இல்லங்களில், குளிக்கும்போது எதிர்க்கிற 73 மறதி நோயாளிகளிடம் நடந்தது. அவரவர் விருப்பத்துக்கும் வசதிக்கும் ஏற்ப ஷவரில் குளிப்பாட்டியபோது அடிப்பது, கடிப்பது போன்ற எதிர்ப்பு 53 விழுக்காடு குறைந்தது. படுக்கையிலேயே வெதுவெதுப்பான பெரிய ஈரத் துண்டால் உடம்பை மூடி, அலசத் தேவையில்லாத சோப்பால் துடைத்துவிட்டபோது 60 விழுக்காடு குறைந்தது. பழைய மாதிரியே குளிப்பாட்டிய இல்லங்களில் இந்த மாற்றம் இல்லை. துண்டால் துடைத்தவர்களின் தோலில் கிருமிகள் கூடிவிடவும் இல்லை. மேலாளர் 'நேரம் இல்லை' என்று சொன்னால் இதைச் சொல்லலாம். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் குளிப்பாட்டுவதற்கு ஆகும் நேரத்தை அவர்களும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா?

உடை, நேரம், தண்ணீர்

ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதி, அவ்வப்போது அதைத் திருத்துவார்கள். அதில் குளியலுக்கென்று ஒரு பகுதி சேர்க்க வேண்டும் என்று கேட்டு, தாதி மேலாளர், சமூக ஊழியர் இருவரோடும் உட்கார ஒரு நேரம் வாங்குங்கள். வார்டு வாசலில் நின்று பேசுவது வேண்டாம். ஷிஃப்ட் மாறினால் அது காற்றோடு போய்விடும்.

முதலில் பாவாடை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மூன்று, நான்கு பருத்திப் பாவாடை வாங்கி, பெயர் தைத்துக் கொடுங்கள். நாடாவுக்குப் பதில் தளர்வான எலாஸ்டிக் வைத்துத் தைப்பது நல்லது. ஈரத்தில் முடிச்சு இறுகாது, அவசரத்தில் கழற்றவும் எளிது. அதை அணிந்தபடியே குளிப்பாட்டலாம். துணிக்கு உள்ளே கைவிட்டுத் துடைப்பது பயிற்சி பெற்ற எவருக்கும் கைவரும். முடிந்ததும் உலர்ந்த பெரிய துண்டைத் தோளில் போர்த்திவிட்டு, அதற்கு அடியில் ஈரப் பாவாடையை உருவ வேண்டும். ஒரு கணம்கூட வெற்றுடம்பாக இருக்க வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் மூடியிருக்க வேண்டும். இதைக் குறிப்பாக எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது நேரம். அம்மா வீட்டில் எத்தனை மணிக்குக் குளிப்பார்? காலைப் பசியாறி, கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு என்றால் பத்து மணி போலக் கேளுங்கள். பிற்பகல் மூன்று மணியும் நல்ல நேரம்தான். பல இல்லங்களில் அப்போது நெருக்கடி குறைவு. ஒருவரை மட்டும் வேறு நேரத்துக்கு மாற்றுவது முடியாத காரியம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் மேலிருந்து தலையில் கொட்டும் ஷவர்தான் பலருக்குப் பயம். கைப்பிடி ஷவரை மெல்லத் திறந்து, முதலில் அவர் கையில் விட்டுக் காட்டி, பாதத்திலிருந்து மேலே வர வேண்டும். முகத்துக்குக் கடைசியில் ஈரத்துணி போதும். தலைக்கு ஊற்றுவதை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். வாளியும் குவளையும் வைத்துக் குளித்தவர் என்பதால், அவர் கையிலேயே ஒரு குவளையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தானே ஊற்றிக்கொள்கிறவர் அடிக்க மாட்டார், கையும் காலியாக இருக்காது!

முழங்கால் வலி இருக்கிறதே, அதையும் மறக்காதீர்கள். தேய்ந்த மூட்டை மடக்கி நாற்காலிக்கு மாற்றும்போது வலித்தால் அவருக்கு அதைச் சொல்லத் தெரியாது, கத்தத்தான் தெரியும். குளியலுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பு பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அமைதிப்படுத்தும் மாத்திரை பற்றிப் பேசுவதற்கு முன் பேச வேண்டிய மாத்திரை இது.

மொழிக்கு ஓர் எளிய வழி: ஓர் அட்டையில் நாலு வாக்கியம் எழுதி, ஊழியர்கள் உச்சரிக்கத் தோதாக அவர்களுக்குத் தெரிந்த எழுத்திலும் எழுதி, கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். "அம்மா, தண்ணி ஊத்தவா?" "துணி இருக்கு, பயப்படாதீங்க." "வலிக்குதா?" "முடிஞ்சுது, முடிஞ்சுது." உங்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

பெண் ஊழியர் வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். சுகாதார அமைச்சு தாதிமை இல்லங்களுக்கு வகுத்த தரநிலைகள் குடியிருப்பாளரின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் காக்கச் சொல்கின்றன. உங்கள் கோரிக்கை அதற்குள் அடங்குவதுதான். ஆனால் எல்லா ஷிஃப்டிலும் பெண் ஊழியர் இருப்பார் என்று எழுதித் தர இல்லத்தால் முடியாமல் போகலாம். அப்போது கேட்க வேண்டியது: பெண் ஊழியர் இல்லாத நாளில் ஷவர் வேண்டாம், கை கால் முகம் மட்டும் துடைத்துவிட்டு, பெண் ஊழியர் வரும் ஷிஃப்டுக்குக் குளியலை மாற்றுங்கள். இதை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைப்பது கடினம்.

மாத்திரைக்குச் சரி சொல்வதற்கு முன்

மறதி நோய் உள்ள முதியவர்களுக்குக் கிளர்ச்சியை அடக்க மனநோய் மருந்துகள் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்தது. பக்கவாத அபாயமும் உண்டு. போதாக்குறைக்கு, மயக்கத்தோடு ஈரத் தரையில் நாற்காலி மாறுகிறவர் விழுவதற்கும் வாய்ப்பு அதிகம். அதற்காக இந்த மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனக்கோ பிறருக்கோ பெரிய காயம் விளைவிக்கும் நிலையில், மற்ற வழிகளைப் பார்த்த பிறகு, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மருத்துவர்கள் தருவதுண்டு. உங்கள் அம்மா விஷயத்தில் அந்த மற்ற வழிகளை இன்னும் யாரும் முயன்று பார்க்கவே இல்லை. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது, இதற்கு முன் என்ன முயன்றீர்கள் என்று டாக்டரிடம் நேரில் கேளுங்கள்.

இன்னொன்று. இந்த எதிர்ப்பு முதல் நாளிலிருந்தே இருந்ததா, திடீரென்று தொடங்கியதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. திடீரென்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கேயாவது புதிதாக வலி, விழுந்த அடி இவற்றை முதலில் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

கையெழுத்து யாருடையது?

மகள் என்பதாலேயே அம்மாவின் சார்பில் எல்லா முடிவும் எடுக்கும் சட்ட அதிகாரம் உங்களுக்கு வந்துவிடாது. மகனுக்கும் அப்படித்தான். நம் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது. 2008-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, அம்மா தெளிவாக இருந்தபோது எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரம் செய்து உங்களைத் தனிப்பட்ட நலனுக்குப் பொறுப்பாளராக நியமித்திருந்தாலோ, நீதிமன்றம் நியமித்தாலோதான் அந்த அதிகாரம் வரும். குளியல் நேரத்துக்காக யாரும் நீதிமன்றம் போக மாட்டார்கள், போகவும் வேண்டாம். அன்றாட விஷயங்களில் இல்லம் குடும்பத்தைக் கேட்டுத்தான் நடக்கும். ஆனால் 'அம்மாவுக்கு ஒன்றும் புரியாது' என்பதை அந்தச் சட்டமே ஏற்காது. ஒருவருக்குத் திறன் உண்டு என்றுதான் அது தொடங்குகிறது. திறன் இல்லை என்று முடிவானாலும், அவருடைய முந்தைய, இப்போதைய விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் கணக்கில் எடுத்துத்தான் அவர் நலனுக்கான முடிவை எடுக்க வேண்டும். வீட்டை விற்பதற்கான ஆவணம் அவருக்குப் புரியாமல் போகலாம். 'இப்ப குளிக்கலாமா, சாப்பிட்டுக் குளிக்கலாமா' என்பது புரியும். கேட்டால் பதில் சொல்வார். தலையாட்டலும் முகச்சுளிப்பும்கூடப் பதில்தான்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்

செய்யலாம், உடம்பு முழுக்க மட்டும் வேண்டாம். எண்ணெய்ப்பிசுக்கான உடம்பை நாற்காலிக்கு மாற்றும்போது கை வழுக்கும். தரையில் ஒரு சொட்டு விழுந்தால் அடுத்து வரும் தாதி விழுவார். முதல்நாளே சொல்லிவைத்துவிட்டு, அவரை அறையில் உட்காரவைத்து, தோளில் பழைய துண்டைப் போட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெயை உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துவிடுங்கள். கை கால்களிலும் கொஞ்சம் தடவலாம், உள்ளங்காலில் வேண்டாம். இடுப்பெலும்பு, குதிகால் போன்ற இடங்களில் தோல் சிவந்திருந்தால் அங்கே அழுத்தித் தேய்க்காமல் தாதியிடம் காட்டுங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் அடுத்த வாரம் பக்கத்திலேயே விடமாட்டார், எரியாத ஷாம்பூ போதும். அலசும்போது ஓர் ஊழியர் உடன் இருக்கட்டும். தீபாவளிக் குளியலுக்கு இரண்டு வாரம் முன்பே கேட்டுவைத்தால் பல இல்லங்கள் ஏற்பாடு செய்யும்.

தினமும் நீங்களே வந்து குளிப்பாட்டுவதாக எழுதியிருப்பதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். வேலைக்கும் போய்க்கொண்டு எத்தனை மாதம் ஓடுவீர்கள்? நீங்கள் வராத நாளில் அம்மாவின் நிலை பழையபடியேதான் இருக்கும். ஊழியர்கள் கற்றுக்கொள்வதுதான் தீர்வு.

புகார், இடமாற்றம், வீடு

அண்ணனின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பராமரிப்பு பற்றிக் கேள்வி கேட்டதற்காக ஒருவரை வெளியே அனுப்புவது உரிமம் பெற்று நடக்கும் இல்லத்துக்கு அத்தனை சுலபம் இல்லை. சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எந்தக் காரணங்களுக்கு, எத்தனை நாள் முன்னறிவிப்போடு விலக்கலாம் என்று இருக்கும். அதை எடுத்து அண்ணனோடு சேர்ந்து படியுங்கள், கூட்டத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களைவிட அவர் பதமாகப் பேசுவார் என்று தோன்றுகிறது.

அரசு மானியம் பெறும் வேறு இல்லத்துக்கு மாற்றுவதென்றால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாக விண்ணப்பிக்க வேண்டும், எண் 1800 650 6060. ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்துவது போல இந்தியச் சமூகத்தில் வேர் கொண்ட இல்லங்களும் இருக்கின்றன. அவையும் எல்லா இனத்தவருக்குமானவை, காலியிடத்தைப் பொறுத்ததுதான். புதிய இடம், புதிய முகங்கள் என்று அம்மா இன்னொரு முறை குழம்புவார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வீட்டுக்குக் கூட்டிவருவது பற்றி: தகுதியுள்ள குடும்பங்களுக்கான ஹோம் கேர்கிவிங் கிராண்ட் எனும் வீட்டுப் பராமரிப்பு மானியம் 2026 ஏப்ரல் முதல் மாதம் 600 வெள்ளி வரை உயர்த்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பணிப்பெண், வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிடும் சேவை இவையும் உண்டு. ஆனால் நடமாட்டம் குறைந்தவரை வீவகக் குளியலறைக்குள் ஒரு பணிப்பெண் தனியாகத் தூக்கி மாற்றுவது இருவருக்கும் ஆபத்து. குளியல் ஒன்றுக்காக மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பேசியதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, ஒரு மாதத்துக்குக் குளியல் பதிவு ஒன்று வைக்கச் சொல்லுங்கள்: எத்தனை மணி, யார் செய்தார், ஷவரா துடைப்பா, அம்மா எப்படி இருந்தார். எந்தக் கை அவருக்கு ஒத்துப்போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஊழியர்களை எப்படி வழிநடத்துவது என்று மறதி நோய் உள்ளவர்களுக்கு உதவும் டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பிடமும் கேட்கலாம், 6377 0700. ஒரு மாதத்துக்குப் பிறகும் அசைவே இல்லை என்றால் இல்லத்தின் தலைமை நிர்வாகிக்கும், அப்புறம் சுகாதார அமைச்சுக்கும் எழுதலாம். ஆனால் மேல்கையில் விரல் பதிந்த கன்றல், காரணம் சொல்லப்படாத காயம், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டாலே நடுக்கம் என்று ஏதாவது பார்த்தால் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. படம் எடுத்துவைத்து, அன்றே டாக்டரைப் பார்க்கச் சொல்லி, 24 மணி நேர வன்முறைத் தடுப்பு உதவி எண்ணான 1800 777 0000-ஐ அழையுங்கள்.

மாத்திரை பற்றி மேலாளர் கேட்ட கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. "டாக்டரோடு நேரில் பேசிய பிறகு சொல்கிறோம், அதுவரை தொடங்க வேண்டாம்" என்று இன்றைக்கே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்.